தெருவில் காசு திரட்டி மரம் நடப் போகிறீர்களா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததும், அப்புறம் தெருத்தெருவாகப் பணம் போட்டுக் கன்று நட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த புயலுக்குப் பிறகும் இதைச் செய்வோம், அதனால் ஒரு யோசனை: வசூலாகும் பணத்தில் பெரும்பகுதியைக் கன்று வாங்கவே செலவழித்துவிடாதீர்கள். கன்றுதான் இருப்பதிலேயே மலிவு. கூண்டு, குழி வெட்டக் கூலி, இரண்டு கோடைக்குத் தண்ணீர் லாரி, இதற்கெல்லாம் முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் எத்தனை கன்று வருகிறதோ அத்தனை போதும்.

வர்தாவில் குல்மொஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மாதிரி வெளியிலிருந்து வந்த மரங்கள்தான் அதிகம் விழுந்தன. அதனால் நர்சரியில் நம் ஊர் மரங்களான வேம்பு, புங்கம், பூவரசு, புன்னை கேளுங்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கன்றாக இருந்தால் ஆடு எட்டாது. பையைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். சுருண்டு சுற்றிக்கொண்டிருந்தால் அந்தச் சுற்று வேரை வெட்டிவிட்டு நட வேண்டும், இல்லாவிட்டால் மரம் பெரிதான பிறகும் பிடிப்பில்லாமல் காற்றுக்குச் சாய்ந்துவிடும் (நர்சரிக்காரர் இதைச் சொல்ல மாட்டார்).

அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் தெரியட்டும், சிமென்ட் பூச விடாதீர்கள். மேலே மின்கம்பி போகிறதா, கீழே குழாய் இருக்கிறதா என்று மாநகராட்சியில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். புயல் அடித்த சூட்டோடு நடாமல் செப்டம்பர், அக்டோபர் வரை பொறுத்தால் வடகிழக்கு மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், தண்ணீர்ச் செலவும் குறையும்.