சீன ராணுவ ரைபிள்களில் ஆலை முத்திரையைப் படிப்பது எப்படி?

பழைய சீன எஸ்.கே.எஸ். ரைபிள் விற்பனைக்கு வரும் இடங்களில் "நோரின்கோ ஆலையில் தயாரானது" என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். நோரின்கோ என்று ஓர் ஆலையே கிடையாது. 1980இல் தொடங்கப்பட்ட அரசு வணிக நிறுவனம் அது. ஆயுதத்தைச் செய்த ஆலை வேறு, வெளிநாட்டுக்கு விற்ற நிறுவனம் வேறு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் முத்திரைகளைப் படிப்பதில் பாதி வேலை முடிந்தது.

இந்த விளக்கம் பெரும்பாலும் 56 வகை கார்பைனை, அதாவது குட்டைக் குழல் ரைபிளைப் பற்றியது. சோவியத் வடிவமைப்பாளர் செர்கெய் சிமோனோவின் எஸ்.கே.எஸ். ரைபிளைச் சீனா 1956 முதல் இந்தப் பெயரில் தன் மண்ணிலேயே செய்தது. சேகரிப்பாளர் கைக்கு அதிகம் வருவதும், முத்திரை வகைகள் மிகுந்திருப்பதும் இதில்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும்தான் இதைச் சேகரிப்போர் அதிகம். இந்தியாவில் தனிநபர் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருள் அன்று. எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் உள்ளூர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

படி 1: தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள்

குழல் ஆளில்லாத திசையைப் பார்க்கட்டும். இந்த ரைபிளின் 10 தோட்டா மேகசின் கழற்றி எடுக்கும் வகை அன்று. அதன் பின்புறக் கொக்கியை இழுத்தால் கீழ்நோக்கித் திறக்கும். அதைத் திறந்து காலி செய்த பிறகு போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடும் உலோகப் பாகத்தை, பின்னால் இழுத்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். விற்பவர் "காலிதான்" என்று சொன்னாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

படி 2: முத்திரையை வெளிக்கொண்டு வாருங்கள்

கிடங்கில் கிடந்த ரைபிள்களின் மேல் பழுப்பு நிறப் பாதுகாப்புக் கிரீஸ் கெட்டியாகப் படிந்திருக்கும். மென்மையான துணியும் துப்பாக்கிக்கான எண்ணெயும் போதும். எழுத்தின் பள்ளத்தில் இருப்பதை மரக்குச்சியால் எடுங்கள். கம்பி பிரஷும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். கருநீல மேற்பூச்சு ஒருமுறை போனால் பொருளின் மதிப்பும் கூடவே போய்விடும்.

பிறகு ரிசீவரின், அதாவது போல்ட் பொருந்தியிருக்கும் உலோக உடலின், இடப்பக்கத்தைப் பாருங்கள். டார்ச் ஒளியை நேராக அடிக்காமல், உலோகப் பரப்பை ஒட்டிச் சாய்வாக விழச் செய்யுங்கள். தேய்ந்த எழுத்துகளும் நிழலில் எழுந்து வரும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பதும் நல்ல வழி.

படி 3: முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

இந்த வேலையின் மையம் இதுதான். சீன ஆயுத ஆலைகள் தங்கள் பெயரைப் பொறிப்பதில்லை. அரசு கொடுத்த எண்ணைத்தான் பொறித்தன. அந்த எண் வழக்கமாக ஒரு முக்கோணத்துக்குள் இருக்கும்.

மிக அதிகமாகக் கண்ணில் படுவது 26. இது சோங்சிங் நகரின் ஜியான்ஷே ஆலையைக் குறிக்கும். அந்த ஆலையின் அரசு எண் 296. நடு இலக்கத்தை விட்டுவிட்டுப் பொறித்தார்கள். ஏ.கே. வகை ரைபிள்களிலும் 54 வகைக் கைத்துப்பாக்கிகளிலும் காணப்படும் 66 என்ற எண்ணும் இப்படித்தான்: ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் 626ஆம் ஆலை அது. ஜியான்ஷேயின் வேர் 19ஆம் நூற்றாண்டில் சீன அரசின் உயர் அதிகாரி சாங் சிதோங் நிறுவிய ஹன்யாங் ஆயுதச் சாலை வரை செல்கிறது. ஜப்பானுடனான போரின்போது ஆலை உள்நாட்டுக்கு இடம் மாறியது. பிற்காலத்தில் இதே ஜியான்ஷே பெயரில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன என்பது கேட்கச் சற்று வேடிக்கையாக இருக்கும்.

முக்கோணத்துக்குள் 26 இல்லாமல் 306, 316, 0138 போன்ற எண்கள் இருந்தால் திகைக்க வேண்டாம். 1964இலிருந்து, போர் வந்தால் கடலோர நகரங்கள் தாக்கப்படும் என்ற அச்சத்தில், சீனா தன் தொழிற்சாலைகளை மலைகள் சூழ்ந்த உள்மாகாணங்களுக்குப் பரப்பியது. "மூன்றாம் வரிசை" என்று அந்தத் திட்டத்தை அழைத்தார்கள். மாகாணங்களின் சிறிய ஆலைகளும் இந்த ரைபிளைச் செய்யத் தொடங்கின. 26 முத்திரை மலிந்து கிடக்கிறது. இந்தச் சிறிய ஆலைகளின் முத்திரைகள்தான் தேடலைச் சுவையாக்குகின்றன. தொடக்கத்திலேயே ஒன்று கையில் கிடைத்தால், அதைத் துடைத்துப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

எல்லா முக்கோணமும் சீன முக்கோணம் ஆகாது. முக்கோணத்துக்குள் எண்ணுக்குப் பதில் அம்பு இருந்தால் அந்த ரைபிள் ருமேனியாவைச் சேர்ந்தது. நட்சத்திரத்துக்குள் அம்பு என்றால் சோவியத் ஒன்றியத்தின் தூலா ஆலை.

படி 4: 56 என்பது ஆண்டு அன்று

முக்கோணத்துக்கு அருகே 56 என்ற எண்ணும், அதையொட்டி ஒரு சீன எழுத்தும் இருக்கும். 'ஷி' என்று ஒலிக்கும் அந்த எழுத்துக்கு 'வகை' என்று பொருள். 1956இல் ஏற்கப்பட்ட வகை என்பதுதான் செய்தி; உங்கள் கையில் இருப்பது 1970இல் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். இன்னொரு குழப்பமும் உண்டு. எஸ்.கே.எஸ்., ஏ.கே., ஆர்.பி.டி. இயந்திரத் துப்பாக்கி ஆகிய மூன்றின் சீனப் பதிப்புகளுக்கும் 56 என்றே பெயர். எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. 63 என்று இருந்தால் அது எஸ்.கே.எஸ். போலத் தோன்றும் வேறொரு தானியங்கி ரைபிள். சட்டப்படியும் அதன் நிலை வேறு.

சீன எழுத்தே இல்லாமல் எம்21 என்று மட்டும் பொறித்த கார்பைன்களும் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பச் செய்தவை அவை. ஏ.கே. வகையில் இதற்கு இணையானது எம்22. ஏற்றுமதி ஏ.கே.களில் சுடும் முறையை மாற்றும் நெம்புகோலுக்கு அருகே சீன எழுத்துகளுக்குப் பதில் ஆங்கில எல், டி எழுத்துகளைப் போட்டார்கள். தொடர்ந்து சுடுவதற்கான 'லியான்', ஒவ்வொன்றாகச் சுடுவதற்கான 'டான்' என்ற சீனச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அவை.

படி 5: வரிசை எண்ணிலிருந்து ஆண்டைக் கணக்கிடுங்கள்

53 வகை ரைபிளில், அதாவது சோவியத் மோசின் கார்பைனின் சீனப் பிரதியில், ரிசீவரின் மேல் வளையத்திலேயே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். 56 வகையில் அந்த வசதி இல்லை. சேகரிப்பாளர்கள் பின்பற்றும் வழி இது: முக்கோண 26 முத்திரையும் ஏழு அல்லது எட்டு இலக்க வரிசை எண்ணும் இருந்தால், பத்து லட்சங்களைக் குறிக்கும் முன்பகுதியை 1956உடன் கூட்டுங்கள். ஏழு இலக்க எண் 5இல் தொடங்கினால் 1961. எட்டு இலக்க எண் 14இல் தொடங்கினால் 1970. மற்ற ஆலைகளின் எண்களுக்கு இந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது.

கிடைத்த ஆண்டை ரைபிளின் உடலோடு ஒப்பிடுங்கள். தொடக்கக் கால ரைபிள்களில் பயனெட், அதாவது குழல் முனையில் பொருத்தும் குத்து ஆயுதம், தட்டையான கத்தியாக இருக்கும். 1960களின் நடுவில் அது கூரான ஊசிமுனைக்கு மாறியது. கணக்கு 1959 என்று சொல்ல, முனையில் ஊசி பயனெட் இருந்தால், யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள்.

படி 6: எண்கள் பொருந்துகின்றனவா?

போல்ட், போல்ட் தாங்கி, மேல் மூடி, விசைக் காப்பு, மேகசின், மரக்கட்டை ஆகியவற்றிலும் எண்ணைத் தேடுங்கள். முழு எண்ணோ கடைசி இலக்கங்களோ ஒத்துப்போனால் விலை கூடும். எழுத்தின் பள்ளத்தில் மட்டும் உலோகம் புதிதாக மின்னினால், மேற்பூச்சு போட்ட பிறகு பொறித்திருக்கிறார்கள் என்று பொருள், சந்தேகப்படுங்கள்.

படி 7: இறக்குமதி முத்திரை

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இறக்குமதியாளர் தம் பெயரையும் ஊரையும் ஆயுதம் செய்யப்பட்ட நாட்டையும் அதில் பொறிக்க வேண்டும். சீன ரைபிள்கள் 1980களில் அங்கே பெருமளவில் இறங்கின. 1994இல் கிளின்டன் அரசு அந்த வரத்தை நிறுத்தியது. இந்த முத்திரை பெரும்பாலும் குழலிலோ ரிசீவரிலோ சிறிய எழுத்தில் இருக்கும். ஏ.கே. மேகசின் பொருந்தும் எஸ்.கே.எஸ்.-டி, எஸ்.கே.எஸ்.-எம் ஆகியவை இந்த வணிகத்துக்காகவே செய்யப்பட்டவை. எந்தப் படைவீரரும் அவற்றைச் சுமந்ததில்லை.

இறக்குமதி முத்திரை இல்லாத சீன எஸ்.கே.எஸ். என்றதும் "வியட்நாமிலிருந்து வீரர் கொண்டுவந்தது" என்ற கதை கூடவே வரும். கதை உண்மையாகவும் இருக்கலாம். ஏ.கே.வைக் கொண்டுவர அனுமதி இல்லை, எஸ்.கே.எஸ்.ஸுக்கு இருந்தது. அப்படி வந்தவற்றுக்கு டிடி 603 என்ற படிவத்தை ராணுவம் கொடுத்தது. அந்தத் தாளைக் கேளுங்கள். அதிலுள்ள வரிசை எண் ரிசீவரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தாள் இல்லையென்றால் குழலைச் சாய்வொளியில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் உலோகம் வழவழவென்று பள்ளமாகத் தெரிந்தால், அங்கே இருந்த இறக்குமதி முத்திரையைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். அந்த ரைபிளை விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.