உதைபந்தாட்டம் அலுத்துவிட்டதா? கிரீன் ஸ்ட்ரீட்காரன் ஒருவனின் கைவைத்தியம்

கிழக்கு லண்டனுக்கு நான் வந்தது 1998இல். கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் கோல் கேட்கும். மிகைப்படுத்தவில்லை, வெஸ்ட் ஹாம் கழகத்தின் பொலின் மைதானம் ஐந்து நிமிட நடைதான். பல்லாயிரம் பேர் ஒன்றாக மூச்சை இழுப்பதும் பிறகு விடுவதும் அறைக்குள் கேட்கும். நான் என்ன செய்தேன்? ஜன்னலைச் சாத்திவிட்டு, வடக்கே எங்கேயோ இருக்கிற ஒரு பெரிய கழகத்தின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வெளிச்சத்தம் வர்ணனையைக் குழப்புகிறது என்று எரிச்சல் வேறு.

பதினெட்டு வருடங்கள் அப்படி. 2016 மே 10ஆம் தேதி, 112 வருடங்கள் ஓடிய அந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட் வந்த பேருந்து சனத்துக்குள் சிக்கி, ஆட்டம் முக்கால் மணி நேரம் பிந்தித் தொடங்கியது. நான் வேலை செய்த கடையின் வாசலில் நின்றபடியே வெஸ்ட் ஹாமின் 3-2 வெற்றியைக் காதால் பார்த்தேன். வின்ஸ்டன் ரீட் தலையால் அடித்த கோலுக்கு எழுந்த சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். நான் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை.

உதைபந்தாட்டமே வெறுத்துப்போச்சு என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த ஜன்னல்தான் ஞாபகம் வரும். எனக்கும் வெறுத்தது, ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால். அதிலிருந்து எப்படி மீண்டேன் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லண்டனை வைத்துத்தான் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

முதலில் எது அலுத்தது என்று பாருங்கள்

ஒரு கடதாசியில் நீங்கள் கடைசியாகப் பார்த்த பத்து ஆட்டங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஞாபகத்தில் இருக்கும் ஒரு காட்சி. நான் எழுதியபோது ஆறு ஆட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. அதில் மூன்றில், மத்தியஸ்தர் காதில் கைவைத்துக்கொண்டு நிற்கும் காட்சி. ஒன்றில் ஒரு சூதாட்ட விளம்பரம். பந்து எங்கேயும் இல்லை.

சிலருக்கு இது திகட்டல். 1986 உலகக் கிண்ணத்தில் 24 அணிகள், 52 ஆட்டங்கள். 2026க்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். நல்லெண்ணெய் தோசை என்றாலும் காலை, மதியம், இரவு என்று போட்டால் என்ன ஆகும்? வேறு சிலருக்குக் காசு விவகாரம். பிரேசில் வீரர் நெய்மார் ஒருவருக்காக 2017இல் 222 மில்லியன் யூரோ கைமாறியபோதே மனம் விட்டுப்போனது என்பான் என் நண்பன் ஒருவன். 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் தங்களுக்கென்று ஒரு தனி லீக் அறிவித்து, ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் இரண்டே நாளில் அது கவிழ்ந்தபோது, அவன் எனக்குத் தொலைபேசி எடுத்து அரைமணி நேரம் சிரித்தான். ஆனாலும் பழையபடி ஆட்டம் பார்க்கத் திரும்பவில்லை.

எனக்கு அலுத்தது காத்திருப்பு. கோல் சரிதானா என்று திரையில் திருப்பிப் பார்த்துச் சொல்லும் காணொளி நடுவர், அதாவது வி.ஏ.ஆர்., இங்கிலாந்தின் மேல்மட்டமான பிரிமியர் லீக்குக்கு வந்தது 2019-20 பருவத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான், அப்போது அவனுக்கு ஏழு வயது. எங்கள் கழகம் அருமையாக ஒரு கோல் போட்டது. பையன் துள்ளி எழும்பி, பாதியில் நின்று, என் முகத்தைப் பார்த்தான். “மாமா, இப்ப கத்தலாமே?”

“பொறு” என்றேன்.

அவன் பொறுத்தான். இரண்டரை நிமிடம். பிறகு கோல்தான் என்று சொன்னார்கள். அவன் கத்தவில்லை, பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டான். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று அன்றிரவுதான் உறைத்தது.

இத்தனை காத்திருந்தும் முடிவு சரியாக இருக்கும் என்றும் இல்லை. 2023 செப்டம்பர் 30, டொட்டன்ஹாம் மைதானம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது சரியான கோல். கொடி தூக்கி ஆஃப்சைட், அதாவது முறையற்ற இடத்தில் நின்று பந்தை வாங்கினார், என்றார்கள். திரைக்கு முன்னால் இருந்தவர்களோ களத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு, சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். இயந்திரம் சரி, கோடும் சரி, கோல் மட்டும் போய்விட்டது.

ஒரு மாதம் நிறுத்துங்கள்

சபதம் எதுவும் வேண்டாம். “இனிப் பார்க்கவே மாட்டேன்” என்று முகநூலில் எழுதுபவர்கள் அடுத்த வாரமே திரும்பி வருவார்கள், கூடுதல் எரிச்சலோடு. ஒரு மாதம் மட்டும் தொலைக்காட்சிச் சந்தாவை நிறுத்துங்கள். நான் கூப்பிட்ட நிறுவனம் என்னை நாற்பது நிமிடம் இசை கேட்க வைத்தது. பிறகு வந்த பெண்பிள்ளை காரணம் கேட்டார். அலுத்துவிட்டது என்றேன். அவருடைய பட்டியலில் அப்படி ஒரு காரணம் இல்லையாம், வீடு மாறுகிறேன் என்று போட்டுக்கொண்டார்.

கைபேசியில் வரும் கோல் அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். யார் எந்தக் கழகத்துக்குப் போகிறார் என்ற வதந்திகளையும். பல கழகத்து வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டசி விளையாட்டு ஆடுபவர் என்றால் அதைத்தான் முதலில் விடவேண்டும். புள்ளிக்காக எதிரணிக்காரன் கோல் போடவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே சொந்தக் கழகத்தை ஆதரிப்பது எந்த ஊர் நியாயம்?

பிறகு, சனிக்கிழமை மூன்று மணி

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை உதைபந்தாட்டத்தை நேரலையில் காட்டுவதில்லை. 1960களில் பேர்ன்லி கழகத் தலைவர் பொப் லோர்ட் பிடித்த பிடிவாதம் அது. பெரிய ஆட்டம் வீட்டில் தெரிந்தால் சின்ன மைதானத்துக்கு யார் வருவார்கள் என்பது அவர் வாதம். முன்பெல்லாம் இந்தத் தடையைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். இப்போது யோசித்தால், அந்த இரண்டரை மணி நேரத்தை அவர் எனக்காகவே ஒதுக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

அந்த நேரத்தில், உங்கள் வீட்டிலிருந்து மிக அருகில் ஆட்டம் நடக்கும் மைதானத்துக்குப் போங்கள். நல்ல அணியைத் தேடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் அணி போதும். ஒரு பேருந்தில் போய்வரக்கூடியதாக இருந்தால்தான் மழையிலும் போவீர்கள். கீழ்மட்ட லீக்குகளில் நுழைவுக் கட்டணம் பத்துப் பவுண்டை ஒட்டித்தான் இருக்கும், சில இடங்களில் அதிலும் குறைவு. போகும் அன்று காலை கழகத்தின் பக்கத்தைப் பாருங்கள். தரை ஊறியிருந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவார்கள். நான் ஒருமுறை பார்க்காமல் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் குடையோடு நின்றிருக்கிறேன்.

எனக்கு வாய்த்தது ஃபொரஸ்ட் கேட்டில் இருக்கும் ஓல்ட் ஸ்பொட்டட் டோக் மைதானம். கிரீன் ஸ்ட்ரீட்டிலிருந்து இருபது நிமிட நடை. 1888 முதல் அங்கே பந்து உருள்கிறது. வால்டர் டல் என்ற கறுப்பின வீரர், பின்னாளில் முதலாம் உலகப்போரில் அதிகாரியாக இருந்து உயிர்விட்டவர், டொட்டன்ஹாமுக்குப் போவதற்கு முன் ஆடியது இந்த மைதானத்தின் கிளப்டன் அணிக்குத்தான். பழைய நிர்வாகத்தோடு ஒத்துப்போகாத ரசிகர்கள் 2018இல் கிளப்டன் கொம்யூனிட்டி என்று சொந்தமாக ஒரு கழகம் தொடங்கினார்கள், 2020இல் மைதானத்தையே வாங்கிவிட்டார்கள். 1930களில் இருந்த ஸ்பானியக் குடியரசின் கொடி நிறங்களில் அவர்கள் போட்ட சட்டைக்கு ஸ்பெயினிலிருந்து ஆயிரக்கணக்கில் கேள்வி வந்து, தபாலில் அனுப்பி முடிக்கப் பட்ட பாடு தனிக் கதை. இத்தனையும் நான் குடியிருந்த அறைக்கு இருபது நிமிடத்தில் இருந்திருக்கிறது.

போனதும் முதல் இருபது நிமிடம் ஏமாற்றமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். பந்து அடிக்கடி வானத்தில் இருக்கும். பாஸ் காலுக்கு வராது. உங்கள் கண் தொலைக்காட்சிக் கண், மேலிருந்து முழு மைதானத்தையும் பார்த்துப் பழகியது. அதற்கு நேரம் கொடுங்கள். மைதானத்தின் நடுக்கோட்டருகே நிற்காமல், உங்கள் அணி தாக்கும் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது சனமும் தேத்தண்ணிக் கோப்பையோடு அடுத்த கோலுக்கு நடந்து போகும், நீங்களும் போங்கள். மேல்மட்ட ஐந்து பிரிவுகளில் களம் தெரியும் இடத்தில் நின்று பியர் குடிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. அதற்குக் கீழே போனால் பிளாஸ்டிக் குவளையோடு கோட்டருகே நிற்கலாம். எனக்குத் தேத்தண்ணி போதும், குடிப்பவர்களுக்காகச் சொன்னேன்.

அரைமணி நேரம் போனதும் காது திறக்கும். கோல்காப்பாளர் தன் தடுப்பாட்டக்காரரை ஏசுவது, பந்து தொடையில் படும் சத்தம், “பின்னால ஆள்!” என்ற எச்சரிக்கை. எனக்கு அப்போதுதான் ஊர் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த ஆட்டம் எல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுதான். பந்து வெளியே வந்தால் பொடியன்களுக்குள் அதை எடுத்து எறிய அடிபாடு. அதை மறந்து எத்தனை வருடம்!

மறுஒளிபரப்பு கிடையாது. கைபேசியைப் பார்க்கும் நேரத்தில் கோல் விழுந்தால் விழுந்ததுதான். மருமகனை இரண்டாவது தடவை கூட்டிப் போனேன். எங்கள் அணி ஒரு கோல் போட்டதும் அவன் என்னைப் பார்க்காமலே கத்தினான். லைன்ஸ்மன் கொடி தூக்கியிருந்தார், ஆஃப்சைட். இரண்டு செக்கன்தான். அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பக்கத்தில் நின்ற கிழவரோடு சேர்ந்து லைன்ஸ்மனுக்கு மரியாதையான ஏச்சு ஒன்று விட்டான்.

ஆகஸ்டில் தொடங்கினால் இன்னொரு வழி

தோற்றால் வெளியே என்ற கணக்கில் நடக்கும் எஃப்.ஏ. கிண்ணத்தில் ஒவ்வொரு வருடமும் 700க்கு மேற்பட்ட கழகங்கள் சேர்கின்றன. அடிமட்டச் சுற்று ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும், அங்கிருந்து இறுதிவரை பதினான்கு சுற்றுகள். செய்யவேண்டியது இதுதான்: முதல் சுற்றில் பக்கத்து ஊர் அணி ஒன்றைப் பிடியுங்கள். அது வென்றால் அதையே தொடருங்கள். தோற்றால், அதைத் தோற்கடித்த அணி அன்றிலிருந்து உங்கள் அணி. நான் இப்படித் தொடங்கி ஒக்டோபருக்குள் நாலு கழகத்துக்கு உயிரை விட்டிருக்கிறேன். தோல்வி வலிக்காமல் பருவம் முழுக்க ஆதரிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஜனவரியில் பெரிய கழகங்கள் வந்து சேரும்போது டிக்கெட் கிடைப்பது கடினம், அத்தோடு விட்டுவிடலாம்.

பெண்கள் ஆட்டத்தையும் மறக்கவேண்டாம். 1921 முதல் அரை நூற்றாண்டு இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களில் பெண்களை ஆடவிடவில்லை. இன்று வெஸ்ட் ஹாம் பெண்கள் அணி டகனத்தில் ஆடுகிறது. என் மச்சாள் தன் மகளோடு போய்வந்து, ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் வேலியருகே வந்து பிள்ளைகளோடு கதைத்ததை இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிடித்துப்போனால் உறுப்பினர் ஆகுங்கள்

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பிரசங்க வாடை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுவீடனில் கழகங்களின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்று விதி. அதனால்தான் அங்கே கழகக் கூட்டங்களில் ரசிகர்கள் கைதூக்கி வி.ஏ.ஆரை உள்ளே வரவிடாமல் தடுத்தார்கள், 2024இல் சங்கம் திட்டத்தைக் கைவிட்டது. ஜெர்மனியில் அதே வருடம் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்கப் பார்த்தார்கள். ரசிகர்கள் வாரக்கணக்கில் களத்துக்குள் டெனிஸ் பந்து எறிந்தார்கள், பெப்ரவரியில் பேச்சு நின்றுபோனது. விம்பிள்டன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 2002இல் கழகத்தை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் புதிதாக ஒன்று தொடங்கி, அடிமட்டத்திலிருந்து ஏறி, 2020இல் தங்கள் பழைய இடமான பிளவ் லேனுக்கே திரும்பினார்கள்.

சின்னக் கழகம் ஒன்றின் வருடச் சந்தா, நீங்கள் நிறுத்திய தொலைக்காட்சியின் ஒரு மாதக் கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அதற்கு ஒரு வாக்கு கிடைக்கும், கூடவே வேலையும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது தேத்தண்ணி மேசை. மனிசி செய்துகொடுத்த நாற்பது மீன் ரோல்ஸைக் கொண்டுபோனேன், இடைவேளைக்கு முன்பே முடிந்துவிட்டது. இப்போது எண்பது கேட்கிறார்கள். மனிசிக்கு உதைபந்தாட்டத்தில் புதிதாக வந்திருக்கும் அலுப்புக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

வடக்குக் கழகத்தை நான் கைவிட்டுவிடவில்லை. அதை வானொலியில் கேட்கிறேன், பாத்திரம் கழுவிக்கொண்டே. கோல் விழுந்தால் நுரைக்கையோடு ஒரு துள்ளல், அவ்வளவுதான். சந்தா அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு திரும்ப எடுக்கவேயில்லை.

இந்தச் சனிக்கிழமை மழை என்கிறார்கள். காலை பத்து மணிக்குத் தரை எப்படி என்று பார்க்கவேண்டும். மருமகன் இப்போதே இரண்டு தடவை கேட்டுவிட்டான்.