சீரியஸ் வைரல் கேஸ் வச்சு ஸ்டடி பண்றீங்களா? எங்கெல்லாம் சறுக்கும்னு பாருங்க

டெங்கு, கோவிட், இன்ஃப்ளூயன்சான்னு ஐசியூ வரைக்கும் போற கேஸ்கள வச்சு ஆஸ்பத்திரியிலேயே பண்ற ஸ்டடிகள்ல சாஃப்ட்வேர்ல தப்பான பட்டன அமுக்குனதால வர்ற பிரச்சினை ரொம்பக் கம்மிங்க, யாரக் கணக்குல சேர்த்தோம், எந்த நாள்ல இருந்து எண்ண ஆரம்பிச்சோம் இந்த ரெண்டுலதான் பெரும்பாலும் கோட்டை விடுறோம்.

2020 ஏப்ரல்ல ஜாமாங்கிற அமெரிக்க மருத்துவ ஜர்னல்ல நியூயார்க் பக்கத்து ஆஸ்பத்திரிகள்ல அட்மிட் ஆன 5,700 கோவிட் நோயாளிகளப் பத்தி ஒரு பேப்பர் வந்துச்சு. வென்டிலேட்டர் போட்டவங்கள்ல 88 சதவீதம் பேர் இறந்துட்டாங்கன்னு அதுல இருந்து ஒரு நம்பர் உலகம் பூரா பரவிடுச்சு. உள்ள போய் டேபிளப் பார்த்தா வென்டிலேட்டர் போட்டவங்க மொத்தம் 1,151 பேர், அதுல இறந்தவங்க 282, டிஸ்சார்ஜ் ஆனவங்க 38, மிச்சம் 831 பேர் இன்னும் பெட்லதான் இருக்காங்க! முடிவு தெரிஞ்ச 320 பேர மட்டும் வச்சு வகுத்தா 88 வராம வேற என்ன வரும். இறக்கறவங்க சீக்கிரமே கணக்குக்குள்ள வந்துடுவாங்க, பொழைக்கிறவங்க வாரக்கணக்குல மெதுவா தேறி வர்றதுக்குள்ள நாம டேட்டாவ மூடிடுறோம். அதனால கடைசியா சேர்த்த நோயாளிக்கும் 28 நாளோ நீங்க முன்னாடியே முடிவு பண்ண நாளோ முடியற வரைக்கும் எக்ஸெல் ஷீட்டத் தொடாதீங்க.

அடுத்தது மருந்து. அட்மிஷன் ஆன அஞ்சாவது நாள் ஒரு மருந்து குடுக்குறோம்னு வைங்க, அந்த மருந்து கிடைக்கணும்னாலே அவர் அஞ்சு நாள் உயிரோட இருந்திருக்கணும், ரெண்டாவது நாளே இறந்தவர் தானா "மருந்து குடுக்காதவங்க" பக்கம் போய் விழுந்துடுவார், அப்புறம் மருந்து உயிரக் காப்பாத்துதுன்னு எழுதிடுவோம். மருந்து ஒண்ணுமே பண்ணலன்னாலும் இந்த ரிசல்ட் வரும். இதுக்கு நேர் எதிரான தப்பும் இருக்கு, டாக்டருங்க ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்குத்தான ஸ்டீராய்டு குடுப்பாங்க, அதனால பழைய கேஸ் ஷீட்டுகள மட்டும் எடுத்துப் பார்த்தா ஸ்டீராய்டே ஆளக் கொல்ற மாதிரி தெரியும். இன்ஃப்ளூயன்சா ஸ்டடிகள்ல இந்தக் குழப்பம் இன்னமும் தீரல.

கோவிட்ல இதத் தீர்த்து வச்சது குலுக்கல் முறையில மருந்து குடுத்த பிரிட்டனோட ரெக்கவரி டிரயல்தான். டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம் குடுத்ததுல வென்டிலேட்டர்ல இருந்தவங்களோட 28 நாள் இறப்பு 41.4 சதவீதத்துல இருந்து 29.3 ஆச்சு, வெறும் ஆக்சிஜன்ல இருந்தவங்களுக்கு 26.2-ல இருந்து 23.3, ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்குப் பலன் எதுவும் தெரியல. எல்லாரையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கி ஒரே சராசரி மட்டும் குடுத்திருந்தா இந்த விஷயமே மறைஞ்சு போயிருக்கும். மருந்து ஆரம்பிச்ச அன்னைக்கு நோயாளி என்ன நிலைமைல இருந்தார்னு எழுதற கட்டம் உங்க ஃபார்ம்ல இல்லன்னா அப்புறம் ரிக்ரெஷன் மாதிரி எந்தப் புள்ளியியல் கணக்கும் உங்களக் காப்பாத்தாது.

டெங்குல நாள் கணக்கு இன்னும் முக்கியம். பிளாஸ்மா லீக் ஆகறது, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதி குழாய்க்கு வெளிய கசியறது, பொதுவா காய்ச்சல் குறையற நேரத்துல, காய்ச்சல் வந்த 3-ல இருந்து 7-ஆம் நாளுக்குள்ள. ஒருத்தர் காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளே வந்து படுப்பார், இன்னொருத்தர் ஆறாம் நாள் வருவார், ரெண்டு பேரோட "அட்மிஷன் பிளேட்லெட்"டயும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது. காய்ச்சல் ஆரம்பிச்ச நாள்ல இருந்து எண்ணுங்க. ஐஜிஎம் (டெங்குவுக்கு எதிரா உடம்புல உருவாகற ஆன்டிபாடி) மட்டும் பாசிட்டிவ்னா கன்ஃபர்ம்டு கேஸ்னு எழுதாதீங்க, அது மாசக்கணக்குல ரத்தத்துல தங்கும், பழைய டெங்குவாக்கூட இருக்கலாம்.

காம்ப்ளிகேஷன்கள (நோயால வர்ற கூடுதல் பாதிப்புகள) எண்றதுல ஒரு தொல்லை என்னன்னா, தேடுன இடத்துலதான் கிடைக்கும். ஐசியூல இருக்கறவருக்கு மட்டும் எக்கோ ஸ்கேனும், ஹார்ட் பாதிப்பக் காட்டற ட்ரோபோனின் ரத்த டெஸ்டும் பார்த்துட்டு "சீரியஸ் கேஸ்லதான் ஹார்ட் பாதிக்குது"ன்னு எழுதுனா என்ன அர்த்தம், வார்டுல யாருக்குமே பார்க்கலியே. இன்ஃப்ளூயன்சாவுக்கும் ஹார்ட் அட்டாக்குக்கும் உள்ள தொடர்ப 2018-ல கனடாவோட ஒன்டாரியோல கெட்டிக்காரத்தனமா பார்த்தாங்க, வேற ஆளோட ஒப்பிடாம அதே ஆளோட மத்த நாட்களோட ஒப்பிட்டாங்க, இன்ஃப்ளூயன்சா பாசிட்டிவ்னு வந்த டெஸ்ட் எடுத்த முதல் 7 நாள்ல ஹார்ட் அட்டாக் சுமார் 6 மடங்கு. சுகர், ஸ்மோக்கிங்னு ஆளுக்கு ஆள் வித்தியாசப்படற, ஆனா சட்டுனு மாறாத விஷயமெல்லாம் இதுல தானாவே அடிபட்டுப் போயிடும். வயித்து ஆபரேஷனுக்கு வந்து ஸ்க்ரீனிங்ல பாசிட்டிவ் ஆனவர "கோவிட் அட்மிஷன்"ல சேர்க்கறதும் தேடுன இடத்துல கிடைச்ச கத தான், எதுக்கு அட்மிட் ஆனார்னு எழுத தனியா ஒரு கட்டம் வைங்க.

அப்புறம் 30 பேர் இறந்த டேட்டாவுல 25 ரிஸ்க் ஃபேக்டர ஒரே புள்ளியியல் மாடல்ல திணிக்காதீங்க, என்ன வேணா சிக்னிஃபிகன்ட்னு (தற்செயல் இல்லாத நிஜத் தொடர்பு மாதிரி) வரும். காலியா இருக்கற செல்லுல "நார்மல்"னு நிரப்பறதும் வேண்டாம். லாக்டேட் (நோயோட தீவிரத்தக் காட்டற ஒரு ரத்த டெஸ்ட்) அனுப்பாததுக்கு நோயாளி நல்லா இருந்தது காரணமா இருக்கலாம், அனுப்பறதுக்கு முன்னாடியே இறந்ததும் காரணமா இருக்கலாம், ரெண்டும் ஷீட்ல ஒரே மாதிரி காலியாத்தான் தெரியும்.