ஏசி/டிசி பாடல்களோடு கிட்டார் பழகுவது எப்படி?

கிட்டார் வாங்கிய கையோடு நான் செய்த முதல் தவறு, ஏசி/டிசி என்ற ஹார்ட் ராக் குழுவின் 'தண்டர்ஸ்ட்ரக்' பாடலின் தொடக்கத்தை வாசிக்க உட்கார்ந்தது. 1990இல் வந்த அந்தப் பாடலில் குழுவின் முன்னணி கிட்டார் கலைஞர் ஆங்கஸ் யங்கின் விரல்கள் ஒற்றைத் தந்தியில் ஓடும் ஓட்டம் யாரையும் மயக்கிவிடும். மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். விரல் நுனி கொப்புளித்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் என் காது மேடையின் பின்பக்கம் போனது. பள்ளிச் சீருடையில் ஆங்கஸ் துள்ளிக் குதிக்க, டிரம்ஸுக்கு அருகில் நின்ற இடத்திலேயே நின்று வாசித்துக்கொண்டிருந்தவர் அவருடைய அண்ணன் மால்கம் யங். சகோதரர்கள் இருவரும் 1973இல் சிட்னியில் தொடங்கிய குழு இது. புதிதாகப் பழகுபவர்கள் தம்பியை ரசிக்கட்டும். பாடம் கேட்க வேண்டியது அண்ணனிடம்.

படி 1: சுருதியும் ஒலியும்

தடித்த தந்தியிலிருந்து தொடங்கி இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு ட்யூனர் செயலி இருந்தால் போதும். மிக மெல்லிய தந்தி 1, மிகத் தடித்த தந்தி 6. கீழே எல்லாவற்றையும் இந்த எண்களில்தான் சொல்கிறேன்.

எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) கெயினை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழை, பாதிக்கும் கீழே வையுங்கள். ஹார்ட் ராக் என்றதும் எல்லோரும் கெயினை முழுதாகத் திருகிவிடுகிறார்கள். இந்தக் குழுவின் ஒலி அப்படிப்பட்டதல்ல. ஓர் ஏ கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் சரி, எண்ணெய் பொரிவதுபோல் இரைந்தால் இன்னும் குறையுங்கள். மால்கம் தம் க்ரெட்ச் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப்பில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றதைக் கழற்றிப்போட்டவர். அக்கூஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

படி 2: ஒலியை நிறுத்தப் பழகுங்கள்

பெரும்பாலான பாடங்கள் இதைச் சொல்வதே இல்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. கார்டை அடித்தவுடன், இடது கை விரல்களைத் தந்தியிலிருந்து எடுத்துவிடாமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பியை) தொடாமல் தந்தியை மட்டும் விரல்கள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒலி சட்டென்று அடங்கும். விரல் வைக்காத திறந்த தந்திகள் முனகினால், வலது உள்ளங்கையின் ஓரத்தை, தந்திகள் உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்கு அருகில் வைத்து அவற்றையும் அடக்குங்கள்.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஒன்றில் அடித்து, இரண்டில் அடக்கி, மூன்றிலும் நான்கிலும் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கடினம் என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் தாளத்தில் கார்வை என்று சொல்கிறோமே, அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான்.

படி 3: 'டி.என்.டி.'

1975இல் வந்த இந்தப் பாடலுக்கு மூன்று பவர் கார்டுகள் (இரண்டே சுரம் கொண்ட கார்டுகள்) போதும்.

இ: 6ஆம் தந்தி திறந்தபடி, 5ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல்.
ஜி: 6ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், 5ஆம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல்.
ஏ: ஜியின் அதே வடிவம், கிட்டாரின் உடலை நோக்கி இரண்டு ஃப்ரெட் தள்ளி.

ஜியிலிருந்து ஏவுக்குப் போகும்போது கையைத் தூக்காதீர்கள். தந்தியை ஒட்டியே சறுக்குங்கள். எல்லா அடியும் பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகட்டை) கீழ்நோக்கி இழுத்துத்தான். மேலும் கீழும் மாற்றி அடித்தால் பாடலின் முரட்டுத்தனம் போய்விடும்.

படி 4: 'ஹைவே டு ஹெல்'

1979ஆம் ஆண்டுப் பாடல். இங்கே திறந்த தந்திகளும் சேர்ந்து ஒலிக்கும் திறந்த கார்டுகள் வருகின்றன: ஏ, ஜி, கூடவே பேஸில், அதாவது தடித்த தந்தியில், எஃப் ஷார்ப் ஒலிக்கும் டி. பலரும் தடுக்கி விழுவது அந்த டியில்தான். ஆள்காட்டி விரலை 6ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில் வைத்து, அதன் நுனியாலேயே 5ஆம் தந்தியை மெல்லத் தொட்டு ஊமையாக்குங்கள். 4ஆம் தந்தி திறந்திருக்கட்டும். நடுவிரல் 3ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில், மோதிர விரல் 2ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில்.

இனி ஜிக்கு மாற மோதிர விரலை அசைக்கவே வேண்டாம். மற்ற இரண்டையும் எடுத்து, நடுவிரலை 6ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் வைத்து, அதே விரலால் 5ஆம் தந்தியை ஊமையாக்கினால் ஜி வந்துவிட்டது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் ஒரு நாள் முழுக்கச் செய்தாலும் வீண் இல்லை.

ரிஃப்பின் (திரும்பத் திரும்ப வரும் துணுக்கின்) வரிசை: ஏ ஏ ஏ, டி டி ஜி, டி டி ஜி, டி டி ஜி டி ஏ ஏ. ஒவ்வொரு கொத்துக்கும் நடுவே ஒலியை அடக்குங்கள். இடைவெளியின் நீளத்தைப் பாடலைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பல்லவி நெருங்கும்வரை பேஸ் கிட்டார் சேராமல் காத்திருக்கிறது. அதனால் கிட்டாரின் பிசகை மறைக்க ஒன்றும் இல்லை. பாடலோடு சேர்ந்து வாசித்தால் உடனே அகப்பட்டுக்கொள்வீர்கள்.

படி 5: 'பேக் இன் பிளாக்'

பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். பிரையன் ஜான்சனைப் பாடகராகச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டு ஜூலையில் குழு வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்புப் பாடல் இது. ரிஃப்: இ ஒரு முறை, ஓர் இடைவெளி, டி மூன்று முறை, மறுபடி இடைவெளி, ஏ மூன்று முறை. மூலப் பாடலின் வேகம் நிமிடத்துக்கு 94 அடியை ஒட்டியது. 60இல் தொடங்கி, தடுமாறாமல் நான்கு சுற்று வந்த பிறகே நான்கு நான்காக ஏற்றுங்கள்.

வாசிப்பதைக் கைபேசியில் பதிவு செய்து, கார்டுகளை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் கேளுங்கள். என்னுடைய முதல் பதிவில் ஒவ்வோர் இடைவெளியிலும் 6ஆம் தந்தி ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. வாசிக்கும்போது அது என் காதில் விழவே இல்லை.

மூன்று ஏவுக்குப் பின் விறுவிறுவென்று இறங்கும் துணுக்கு ஒன்று வரும். 1ஆம் தந்தியில் 3ஆம் ஃப்ரெட், பிறகு திறந்த தந்தி; 2ஆம் தந்தியிலும் அதே 3, திறந்த தந்தி; 3ஆம் தந்தியில் 2ஆம் ஃப்ரெட்டைச் சற்று வளைத்து, திறந்த தந்தி. இது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அந்த இடத்தைக் காலியாக விட்டு, காலால் தாளம் தட்டிக்கொண்டே எண்ணி, அடுத்த இ வரும்போது சரியாக வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.