நீல இன்ஹேலரைச் சரியாக இழுப்பது எப்படி?

ஆஸ்துமாவுக்கான நீல இன்ஹேலரை அம்மா அமுக்கும்போதெல்லாம் உதட்டோரமாக வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று வெளியே போகும். அந்தப் புகைதான் மருந்து. உள்ளே போகாமல் காற்றோடு போனதால், வீசிங் அடங்காமல் அவர் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே இருந்தார்.

இன்ஹேலருக்குள் இருக்கும் சால்பியூட்டமால் போய்ச் சேர வேண்டிய இடம் தொண்டை அல்ல. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைச் செல்களின் மேற்பரப்பில் பீட்டா-2 என்ற ஏற்பிகள் இருக்கின்றன, வழக்கமாக அட்ரினலின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டுகிற இடம் அது. அங்கே இந்த மருந்து ஒட்டினால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற, செய்தி கடத்தும் மூலக்கூறு கூடி, இறுகிய தசை தளர்ந்து, குழாய் விரியும். ஐந்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரியும், 4 முதல் 6 மணி நேரம் வரை தாங்கும்.

சரி, இழுக்கும் முறை. நிமிர்ந்து உட்கார்ந்து, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முழுக்க வெளியே விடுங்கள் (பலர் விட்டுவிடுவது இதைத்தான்). உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே நேரத்தில் ஒரு தடவை அமுக்கி, நெஞ்சு நிறையும் வரை இழுத்து, பத்து வரை மனசுக்குள் எண்ணியபடி மூச்சை அடக்குங்கள். அடுத்த பஃப் வேண்டுமென்றால் அரை நிமிடமாவது கழித்து, மறுபடி குலுக்கிவிட்டு. கையும் மூச்சும் ஒத்துவரவில்லையென்றால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாய்) வாங்கிவிடுங்கள். அம்மாவுக்கு அதுதான் கைகொடுத்தது, வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்பேசர் இல்லாமல் கொடுக்கவே வேண்டாம் என்பேன்.

கை லேசாக நடுங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ பயப்படாதீர்கள், இதே குடும்பத்து ஏற்பிகள் கைத் தசையிலும் இதயத்திலும் உண்டு. ஆனால் தினமும் இதையே இழுத்தால் செல் அந்த ஏற்பிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், மருந்தின் வேகம் குறையும். அதோடு, இது தசையைத் தளர்த்துமே தவிர குழாயின் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்துக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும், அதை இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

இன்னொன்று. படபடப்புக்கோ மைக்ரேனுக்கோ ப்ரொப்ரனலால் என்ற மருந்தை எழுதினால், ஆஸ்துமா இருப்பதை டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அது இதே பீட்டா-2 ஏற்பிகளை அடைத்துவிடும், அப்புறம் நீல இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது. பேச்சே முழுசாக வராத அளவுக்கு மூச்சு முட்டினால் பஃப் எடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.