ஈரானியக் கடையில் சோற்றைத் திருப்பி அனுப்பியவன் எழுதுவது

துபாயில் தேராப் பக்கம், பிஸ்தாவும் குங்குமப்பூவும் மொத்த விலைக்கு விற்கும் ஈரானிய வணிகர் ஒருவரிடம் பதினோரு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். மதியச் சாப்பாடு பெரும்பாலும் அவர் கூட்டிப் போகும் ஈரானியக் கடைகளில்தான். எட்டுப் பத்து மேசை, மேசை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பூப்போட்ட துணி, உள்ளே கரியடுப்பு, வாசலருகே கல்லா என்று இருக்கும் எளிய கடைகள் அவை. இப்போது எனக்கு வேறு வேலை. ஆனாலும் ஊரிலிருந்து புதிதாக வந்து சேரும் பிள்ளைகளை அதே மாதிரிக் கடைகளுக்கு அழைத்துப் போகும் பழக்கம் விடவில்லை. அவர்கள் செய்கிற பிழைகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் நானே செய்து முடித்தவை என்பதால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. டிப்ஸ் எவ்வளவு வைப்பது, தண்ணீருக்குக் காசு உண்டா என்பன போன்றவற்றை எவரும் இரண்டாம் முறை போகும்போது தாமே தெரிந்துகொள்வார்கள் என்பதால், அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

சோற்றைத் துணைப் பண்டமாக எண்ணுவது

சில மாதங்களுக்கு முன் நால்வரை அழைத்துப் போயிருந்தேன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர்களே ஆர்டர் கொடுத்து முடித்திருந்தார்கள். எல்லா வகைக் கபாபும் அடுக்கிய பெரிய தட்டு இரண்டு, ரொட்டி, கூடவே சோறு வேண்டாம் என்ற கண்டிப்பான குறிப்பு. “வெறும் சோற்றை ரூமிலேயே தின்கிறோமே அண்ணே, இங்கே வந்தும் அதற்கா காசு கொடுப்பது?” என்றான் ஒருவன். பில் 380 திர்ஹாம் ஆனது. இரண்டாவது தட்டில் பாதி இறைச்சி ஆறிப்போய், கொழுப்பு வெள்ளையாக உறைந்து, கடைசியில் பொட்டலமாக அறைக்குப் போனது. பக்கத்து மேசையிலிருந்த ஈரானியக் குடும்பமோ சோறும் கபாபும் அளவாகச் சொல்லி, எங்களைவிடக் குறைந்த செலவில் எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனது.

அந்தச் சாப்பாட்டின் பெயர் செலோ கபாப். பெயரிலேயே செலோ என்கிற சோறுதான் முன்னால் நிற்கிறது. அந்தச் சமையலறையில் அதிக நேரத்தையும் கவனத்தையும் வாங்குவதும் அதுதான். நீண்ட அரிசியை உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து, நிறையக் கொதிநீரில் போட்டு, வெளிப்புறம் மென்மையாகி நடுவில் சற்றே கடினம் மிச்சமிருக்கும் பதத்தில் வடித்துவிடுவார்கள். வடிப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் வடித்தவுடன் நிறுத்திவிடுகிற இடத்தில்தான் அவர்களுடைய வேலை தொடங்குகிறது. பானையின் அடியில் எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, வடித்த அரிசியைக் கோபுரம் போலக் குவித்து, கரண்டிக் காம்பால் சில துளைகள் இட்டு, மூடியைத் துணியால் சுற்றி இறுக மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ விட்டுவிடுவார்கள். நாம் ‘தம் போடுவது’ என்று சொல்வதில் உள்ள தம் அவர்களுடைய சொல்தான். மூச்சு, ஆவி என்று பொருள். மூடியைச் சுற்றிய துணி ஆவி நீரைக் குடித்துவிடுவதால் சோற்றின் மேல் ஒரு துளியும் சொட்டாது. தட்டில் விழும்போது பருக்கைக்குப் பருக்கை ஒட்டாமல், ஊதினால் பறக்கும் என்பது போல இருக்கும். நம் பிரியாணிக் கடைகளில் குஷ்கா என்று விற்பதன் பெயர், பாரசீகத்தில் காய்ந்தது, உலர்ந்தது என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயருக்கு முழுத் தகுதியுடைய சோற்றை நான் முதன்முதலில் பார்த்தது ஈரானியக் கடையில்தான்.

இதையெல்லாம் அறியாமல் நான் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், முதலாளி வரத் தாமதமானதால் நான் மட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். சோற்றோடு ஒரு சிறு தட்டில், உள்ளங்கை அகலத்துக்குப் பொன்னிறமும் பழுப்புமாக ஏதோ ஒன்றைப் பரிமாறுபவர் கொண்டுவந்து வைத்தார். தொட்டுப் பார்த்தால் அப்பளம் போல உடைந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது, மிச்சத்தைப் புதியவன் தலையில் கட்டுகிறார்கள் என்று முடிவு செய்து, இதை எடுத்துப் போங்கள் என்று சைகை காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போய் அடுத்த மேசையில் வைத்தார். அங்கிருந்த மூவரும் அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட விதத்தைப் பார்த்தபோதுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது. பின்னால் வந்த முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. துக்கம் விசாரிப்பவர் போல என் தோளைத் தட்டினார்.

அதன் பெயர் தஹ்தீக். தஹ் என்றால் அடி, தீக் என்றால் பானை. நம் பிரியாணி மாஸ்டர்கள் தேக்சா என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லின் உறவுதான் இந்தத் தீக். பானையின் அடியில் வேண்டுமென்றே முறுகவிட்ட சோறு அது. சில இடங்களில் அடியில் ரொட்டியோ உருளைக்கிழங்கு வில்லைகளோ அடுக்கி அவற்றை முறுகவைப்பார்கள். விருந்துக்கு வந்தவர்களுக்கு முதலில் போகும் பண்டம் அது. சட்டியைச் சுரண்டிய காந்தல் சோற்றுக்காகச் சண்டை போட்டு வளர்ந்த எனக்கே அது அடையாளம் தெரியவில்லை என்பதுதான் எரிச்சல். ஒரு பானைக்கு ஓர் அடிதான் உண்டு என்பதால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். உட்கார்ந்தவுடனே, வேறு எதையும் கேட்பதற்கு முன், தஹ்தீக் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால், அதன் மேல் ஊற்றிக்கொள்ளக் கோரெஷ்த் என்னும் குழம்பையும் கொஞ்சம் கேளுங்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு ஊறியும் இருக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் தின்றுவிட வேண்டும்.

சோற்றைச் சொல்லிவிட்டு அதைக் கெடுப்பவர்களும் உண்டு. கோரெஷ்த் கிண்ணத்தைச் சாம்பார் வாளி போல மொத்தமாகச் சோற்றின் மேல் கவிழ்த்துப் பிசைந்தால், மேலே சொன்ன உழைப்பு அத்தனையும் ஒரு நொடியில் கூழாகிவிடும். ஓரமாக இரண்டு கரண்டி விட்டு, அந்த அளவுச் சோற்றோடு முடித்துவிட்டு, பிறகு மீண்டும் விடுவதுதான் முறை. கபாபோடு சாப்பிடும்போது குழம்பே தேவையில்லை. உடன் வரும் வெண்ணெய்த் துண்டைச் சூடான சோற்றின் நடுவில் புதைத்து மூடுங்கள். சுட்ட தக்காளியைத் தோல் நீக்கி அதே சோற்றில் நசுக்குங்கள். மேசையில் உப்புக்கு அருகே சிவந்த பொடி ஒன்று இருக்கும். சுமாக் என்னும் அந்தப் புளிப்புப் பொடியைத் தாராளமாகத் தூவலாம். இடது கையில் முள்கரண்டி, வலது கையில் கரண்டி. கத்தி வராது, கேட்கவும் வேண்டாம், கரண்டியின் விளிம்பே கபாபை வெட்டப் போதும். ஒவ்வொரு வாயிலும் இறைச்சியைவிடச் சோறு சற்று அதிகமாக இருந்தால், நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்கள்.

கபாபைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பது

ஆறும். பிறகு என்னிடம் குறை சொல்லக் கூடாது.

கபாபை மூடியிருக்கும் ரொட்டியை ஒதுக்குவது

அது உறை அல்ல. இறைச்சிச் சாறு முழுவதும் அதில்தான் இறங்கியிருக்கிறது.

காரத்தைத் தேடுவது

இந்தச் சமையலை உப்புச்சப்பற்றது என்று எழுதிவிடும் நம்மவர்கள், நாக்கில் மிளகாயை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். இங்கே ஆட்சி செய்வது புளிப்பு. அதுவும் ஒரே புளிப்பு அல்ல. கோர்மே சப்ஸி என்னும் கீரைக் குழம்பில் உலர்ந்த எலுமிச்சையின் சற்றே கசந்த புளிப்பு, கோழியோடு வரும் ஸெரெஷ்க் பொலோ என்னும் சோற்றில் சிவந்த குட்டிப் பழங்களின் துள்ளும் புளிப்பு, ஃபெசென்ஜான் என்னும் குழம்பில் அரைத்த அக்ரூட்டோடு சேர்ந்த மாதுளைச் சாற்றின் இனித்த புளிப்பு என்று ஒவ்வொன்றும் வேறு. இதன் மேல் மிளகாய்ச் சாஸைப் பிழிந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். காரம் இல்லாமல் முடியவே முடியாது என்றால் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளுங்கள். தோர்ஷி என்னும் ஊறுகாய் வினிகரில் ஊறியது. நம் ஊறுகாய் போல அதில் எண்ணெயும் மிளகாய்த்தூளும் இராது.

முதல் முறை போகிறவர்கள் ஃபெசென்ஜானில் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். கரும்பழுப்பு நிறமும் இனிப்பும் நம்மைத் திகைக்க வைக்கும். கோர்மே சப்ஸியில் கீரையோடு கீரையாக வெந்தயக் கீரையும் வதங்கியிருக்கும். அந்த மணம் மூக்குக்குப் பழகியது என்பதால் மற்றவை தாமே வழிவிடும். தட்டில் வரும் துளசி இனத்து ரெய்ஹானையும் புதினாவையும் முள்ளங்கியையும் அலங்காரம் என்று நினைத்துத் தள்ளி வைக்காதீர்கள். வாய்க்கு வாய் ஒவ்வோர் இலையாகக் கடிப்பதற்காகவே அவை வைக்கப்பட்டுள்ளன.

டீஸியைக் குழம்பு போலச் சாப்பிடுவது

கல்சட்டியிலோ மண்சட்டியிலோ ஆட்டிறைச்சி, கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்து மணிக்கணக்கில் வெந்த பண்டம் டீஸி. கூடவே ஒரு வெறுங்கிண்ணமும் உலக்கை போன்ற ஓர் இடிகட்டையும் வரும். அவை எதற்கு என்று கேட்காமலே சட்டிக்குள் கரண்டியை விட்டுத் தின்று முடித்தவன் நான்; பரிமாறியவர் பொறுக்க மாட்டாமல் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். சாற்றை மட்டும் கிண்ணத்தில் வடித்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்து முதலில் உண்ண வேண்டும். பிறகு சட்டியில் எஞ்சியதை இடிகட்டையால் பசையாக இடித்து, ரொட்டியில் வைத்து வெங்காயத்தோடு உண்ண வேண்டும். ஒரே சட்டிக்குள் இரண்டு சாப்பாடு இருக்கிறது. கூபிதே கபாபின் பெயரிலும் இந்த இடிப்பதுதான் ஒளிந்திருக்கிறது: கூபிதே என்றால் இடித்தது.

தூகில் சர்க்கரை கேட்பது

அது மோர். உப்புப் போட்டது, சில கடைகளில் சோடா போல நுரைப்பது. லஸ்ஸி இல்லை.

ஃபாலூதேயில் பாலைத் தேடுவது

நம் ஃபலூடாவின் மூதாதை அது. ஆனால் பாலும் சேமியாவும் ஜெல்லியும் அதில் கிடையா. உறைந்த மாவு இழைகள், சர்க்கரைப் பாகு, ரோஜாப் பன்னீர், மேலே பிழிய எலுமிச்சை, அவ்வளவுதான். பால் வேண்டுமென்றால் குங்குமப்பூ ஐஸ்கிரீம் கேளுங்கள்.

கல்லாவில் சொல்வதை அப்படியே நம்புவது

பணம் கொடுக்கப் போகும்போது கல்லாவில் இருப்பவர் “காபெலி நதாரே” என்பார். உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்பது அதன் பொருள். அது தாரோஃப் என்னும் உபசார மரபு, அன்பளிப்பு அல்ல. “காஹெஷ் மீகோனம்”, அதாவது தயவுசெய்து என்று சொல்லி நீங்கள் வற்புறுத்தியே கொடுக்க வேண்டும். சாப்பிட வந்த உறவினரிடம் ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே’ என்று நாம் சொன்னால், அவர் பெட்டியைப் பிரித்து வைக்கவா செய்கிறார்?

என் அறைத் தோழர் ஒருவருக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்து பேர் சாப்பிட்ட பில்லோடு அவர் கல்லாவுக்குப் போனார், அந்தச் சொற்களைக் கேட்டார், ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அவற்றை அவருக்குச் சொல்லுக்குச் சொல் விளக்கியும் விட்டார். இவர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டு, பணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராக வெளியே வந்துவிட்டார். ‘என்ன மனுஷன்யா!’ என்று வழி நெடுகப் புகழ்ந்துகொண்டே வந்தவர், அறைக்கு வந்த பிறகுதான் விவரத்தைச் சொன்னார். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே நான் பணத்தோடு போய் நின்றேன். கல்லாவில் இருந்த முதியவர் என்னை அடையாளம் கண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், “காபெலி நதாரே” என்றார். நான் நோட்டுகளை மேசை மேல் வைத்தேன். அவர் திருப்பித் தள்ளினார். மீண்டும் வைத்தேன், மீண்டும் தள்ளினார். மூன்றாம் முறை வைத்தபோது எடுத்து, ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்து, மீதி ஐந்து திர்ஹாமை என் கையில் கொடுத்தார்.