கோலாலம்பூர் வெயிலுக்கு ஒரு பிறந்தநாள் கேக்

யூடியூபில் பார்த்த கேக் நம் வீட்டில் அப்படியே வராமல் போவதற்குப் பல நேரம் கை காரணமில்லை, ஊர்தான் காரணம். "வெண்ணெயை அறை வெப்பத்தில் வையுங்கள்" என்று சொல்கிறவரின் அறை 20 டிகிரியில் இருக்கும். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் மதியம் 31, 32 டிகிரி. வெண்ணெய் உருகத் தொடங்குவதே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். காற்றின் ஈரப்பதமோ பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல்.

அதனால் மாவைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொள்ளுங்கள்: கேக்கை எங்கே வைத்து வெட்டப் போகிறீர்கள்? ஏர்கோன் போட்ட மண்டபம் என்றால் பட்டர் கிரீம் தாங்கும். வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, மின்விசிறி சுழலும் விருந்து என்றால் பட்டர் கிரீம் ஒரு மணி நேரத்தில் சரியத் தொடங்கிவிடும். அங்கே கனாஷ் பூசுவதுதான் புத்திசாலித்தனம். சாக்லெட்டும் கிரீமும் சேர்ந்த பூச்சு அது. செய்வது சுலபம், பிழைகளையும் மன்னிக்கும். முதல் கேக் செய்பவருக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை.

இங்கே செய்யப்போவது 6 அங்குலப் பாண்டான் கேக். பாண்டான் என்பது வாசனைக்குச் சேர்க்கும் பச்சை இலை. உள்ளே குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லப் பாகு, வெளியே கனாஷ், மேலே தமிழில் பெயர். 12 பேருக்குத் தாராளமாக வரும். விருந்து ஞாயிறு என்றால் வெள்ளி இரவே தொடங்கிவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

கேக்குக்கு: உப்பில்லாத வெண்ணெய் 170 கிராம், காஸ்டர் சீனி 170 கிராம், செல்ஃப் ரைசிங் மாவு 170 கிராம், பி தர முட்டை 3, கெட்டித் தேங்காய்ப்பால் 2 மேசைக்கரண்டி, பாண்டான் இலை 10, ஒரு சிட்டிகை உப்பு.

பாகுக்கு: குலா மலாக்கா 100 கிராம், தண்ணீர் 50 மில்லி.

கனாஷுக்கு: கறுப்புச் சாக்லெட் 400 கிராம், பாலில் எடுத்த விப்பிங் கிரீம் 160 மில்லி.

அலங்காரத்துக்கு: வெள்ளைக் காம்பவுண்ட் சாக்லெட் 60 கிராம், உலர்ந்த தேங்காய்த் துருவல் 60 கிராம், காய்ந்த சங்குப்பூ ஒரு கைப்பிடி.

பேக் வித் யென் போன்ற, கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைக்கு ஒருமுறை போனால் பெரும்பாலானவற்றை வாங்கிவிடலாம். குலா மலாக்காவைப் பாசாரில் வாங்கினால் நல்லது. மலிவான கட்டிகளில் வெறும் கரும்புச் சீனிதான் அதிகம் இருக்கும். ஒரு துண்டை நாக்கில் வைத்தால், லேசான புகை வாசமும் கரிப்பும் தெரிய வேண்டும்.

கடையில் ஃபாண்டன்ட் என்னும் சீனிப் பசையில் செய்த அழகான பொம்மைகளையும் மார்ஷ்மெல்லோவையும் பார்த்து மயங்குவதற்கு முன் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஹலால் முத்திரை இருந்தால் பன்றிக் கொழுப்பு இருக்காது, சரி. ஆனால் ஜெலட்டின் என்று போட்டிருந்தால் அது மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். நம் விருந்தில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதோடு, நம் ஊர் ஈரப்பதத்தில் ஃபாண்டன்ட் வேர்த்துப் பிசுபிசுக்கும். இரண்டு காரணத்துக்காகவும் நான் அதைத் தவிர்த்துவிடுவேன்.

வெள்ளி இரவு: பாண்டானும் கனாஷும்

பாண்டான் இலைகளை நறுக்கி, 100 மில்லி தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழியுங்கள். சாற்றை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஆட்டாதீர்கள். காலையில் மேலே தெளிந்த தண்ணீரும் அடியில் கரும்பச்சைச் சாறும் பிரிந்து நிற்கும். மேல் தண்ணீரை மெதுவாகக் கொட்டிவிட்டு அடியில் இருக்கும் 2 மேசைக்கரண்டியை மட்டும் எடுங்கள். புட்டியில் வரும் பச்சை எசென்ஸ் இதன் பக்கத்தில் கூட வராது.

அடுத்தது கனாஷ். சாக்லெட்டைப் பொடியாக நறுக்குங்கள். கிரீமைச் சூடாக்கி, ஓரத்தில் குமிழ் வந்ததும் இறக்கி, சாக்லெட் மேல் ஊற்றி 3 நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து வட்டமாகக் கிளறுங்கள். கிரீம் குறைவு என்பதால் சில கட்டிகள் கரையாமல் நிற்கும். கொதிக்கும் தண்ணீர்ப் பானையின் ஆவியில் கிண்ணத்தைச் சற்று நேரம் காட்டினால் கரைந்துவிடும். கிண்ணத்துக்குள் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் மேற்பரப்பைத் தொட்டாற்போல் மூடி, இரவு முழுக்க ஏர்கோன் அறையில் வையுங்கள். காலையில் நிலக்கடலை வெண்ணெய் பதத்துக்கு வந்திருக்கும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் 2 பங்கு சாக்லெட்டுக்கு 1 பங்கு கிரீம் என்று இருக்கும். நமக்கு இரண்டரைக்கு ஒன்று வேண்டும். வெள்ளைச் சாக்லெட் இன்னும் இளகியது, அதற்கு மூன்றரைக்கு ஒன்று. "சுப காரியத்துக்குக் கறுப்பா?" என்று கேட்கும் பாட்டி வீட்டில் இருந்தால் அந்தக் கணக்கு உதவும்.

சனிக்கிழமை காலை: கேக்

அடுப்பை 170 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். மேசை மேல் வைக்கும் சிறிய மின் அடுப்புகளின் குமிழில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டால் உண்மை தெரியும். இரண்டு 6 அங்குல அச்சுகளில் அடியில் தாள் போட்டு வையுங்கள்.

வெண்ணெய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, 15 நிமிடம் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. பளபளத்தால் அந்த வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. கேக் கனத்து, அடியில் பிசினாகும். அப்படி ஆனால் கிண்ணத்தோடு மறுபடி 10 நிமிடம் உள்ளே வையுங்கள்.

வெண்ணெயையும் சீனியையும் உப்பையும் சேர்த்து, நிறம் வெளுக்கும் வரை 5 நிமிடம் அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கலவை திரிந்தது போல் தெரிந்தால் ஒரு கரண்டி மாவு போட்டால் சேர்ந்துகொள்ளும். அப்புறம் மீதி மாவையும், பாண்டான் சாறு கலந்த தேங்காய்ப்பாலையும் மாற்றி மாற்றிச் சேர்த்து அகப்பையால் மடித்துக் கலக்குங்கள், அடிக்க வேண்டாம். இரண்டு அச்சிலும் சமமாகப் பிரித்து 28 முதல் 32 நிமிடம் வேகவிடுங்கள். நடுவில் குத்திய குச்சியில் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

முட்டை சாப்பிடாத வீடு என்றால் இந்தக் குறிப்பு உதவாது. முட்டையை மட்டும் எடுத்துவிட்டுச் செய்தால் கேக் சரியாக எழும்பாது.

குலா மலாக்காவைத் தண்ணீரோடு கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். கட்டாயம் தூசி இருக்கும். முழுக்க ஆறிய கேக்கின் மேடான பகுதியைச் சீவி, இரண்டு துண்டிலும் பாகைத் தூரிகையால் தடவுங்கள். ஊற்றினால் ஊறி உடைந்துவிடும்.

சனிக்கிழமை மாலை: பூச்சு

ஏர்கோன் அறையில் செய்யுங்கள். கேக் வைக்கும் அட்டையில் கொஞ்சம் கனாஷ் தடவி முதல் கேக்கை ஒட்டுங்கள், மேலே ஒரு அடுக்குக் கனாஷ், அதன்மேல் இரண்டாவது கேக்கைத் தலைகீழாக. சுற்றிலும் மெல்லியதாக ஒருமுறை பூசி 20 நிமிடம் குளிர்பெட்டியில். உதிரும் தூள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டாவது பூச்சைத் தடிமனாகப் பூசி, நேரான தகட்டைப் பக்கத்தில் பிடித்தபடி கேக்கைச் சுழற்றுங்கள். கைதான் நிற்க வேண்டும், கேக் சுற்ற வேண்டும். கடைசியில் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் ஒரு வருடு வருடினால் மேடு பள்ளம் அடங்கிவிடும்.

அடி விளிம்பு யாருக்கும் முதல் தடவை நேராக வராது. அதை மறைக்கத்தான் தேங்காய்த் துருவல். சங்குப்பூவை 50 மில்லி சுடுதண்ணீரில் போட்டால் நீலம் இறங்கும். பினாங்கு நியோன்யா பலகாரங்களில் பார்க்கிறோமே, அதே நீலம். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறும், குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டலாம். துருவலை அதில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, 100 டிகிரி அடுப்பில் நன்றாகக் காயும் வரை உலர்த்தி, கேக்கின் அடியைச் சுற்றி அழுத்துங்கள். புதுத் தேங்காய் வேண்டாம், இந்தச் சூட்டில் புளித்துவிடும். பூக்கடை மல்லிகையையும் கேக் மேல் வைக்காதீர்கள். அது மருந்து அடித்து வளர்த்ததாக இருக்கலாம்.

தமிழில் பெயர்

கேக் கடைகளில் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். வீட்டில் செய்வதில் எனக்குப் பிடித்ததே இந்தப் பகுதிதான்.

நேரடியாகக் கேக்கில் எழுத முயலாதீர்கள். பெயரைத் தடித்த எளிய எழுத்துருவில், இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் அச்சிட்டு, மேலே பேக்கிங் தாளை ஒட்டுங்கள். காம்பவுண்ட் சாக்லெட்டை உருக்கி, சற்றுக் கெட்டியாகும் வரை காத்திருந்து, தாளில் சுருட்டிய கூம்பில் நிரப்பி, முனையை 2 மில்லிமீட்டர் வெட்டுங்கள். உலோக மூக்கில் சாக்லெட் அடைத்துக்கொள்ளும். பிறகு தமிழ்ப்பள்ளியில் எழுதப் பழகிய அதே வரிசையில், கையை எடுக்காமல் எழுத்தை இழுங்கள்.

சுழிகளில்தான் சிக்கல். ன, ண, ழ இவற்றின் உள்வட்டம் சாக்லெட் பரவியதும் மூடிக்கொள்ளும். ஓர் உளுந்து நுழையும் அளவாவது துளை விடுங்கள். ணகரம் உள்ள பெயருக்கு எழுத்தை மூன்று சென்டிமீட்டராகப் பெரிதாக்குங்கள். யாழினி, கவின் போன்ற பெயர்கள் 6 அங்குலத்தில் வசதியாக உட்காரும். நீளமான பெயரை இரண்டு வரியாகப் பிரியுங்கள். 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்பதைக் கேக்குக்கு அடியிலுள்ள அட்டையில் எழுதினால் போதும். ஒவ்வொரு எழுத்திலும் ஒன்று கூடுதலாகச் செய்து வையுங்கள், குறிப்பாகத் தனியாக நிற்கும் கொம்புகளும் கால்களும் எளிதில் உடையும். 10 நிமிடம் குளிரவைத்து, கத்தியால் நெம்பி எடுத்து, ஒரு பொட்டுக் கனாஷ் வைத்து ஒட்டுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் கடைசியில் கூம்பிலிருந்து நேராகக் கேக்கிலேயே வைக்கலாம்.

ஞாயிறு: கொண்டு போவதும் வெட்டுவதும்

இரவு கேக்கை மூடிய பெட்டியில் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் குளிர்ந்த கனாஷ் முழுக்க முத்து முத்தாக வேர்க்கும். மூடியிருந்தால் அந்த ஈரம் பெட்டியின் மேலே படியும், கேக்கில் படியாது. ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம்.

காரில் போகிறீர்கள் என்றால் 10 நிமிடம் முன்பே ஏர்கோனைப் போட்டுக் குளிரவிடுங்கள். வெயிலில் நின்ற காரின் பின்பெட்டி வேண்டாம், சாய்வான இருக்கையும் வேண்டாம். முன் இருக்கையில் கால் வைக்கும் தரையில், வழுக்காத விரிப்பின் மேல் வையுங்கள். "நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் அத்தையிடம் பூச்செண்டைக் கொடுத்துவிடுங்கள். உடலின் சூடு அடிப்பக்கத்தை இளக்கிவிடும்.

கூடாரத்தில் என்றால் கேக்கை வெட்டும் நேரத்துக்குச் சற்று முன் வெளியே கொண்டுவந்தால் போதும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். மிச்சத்தை டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுத்து வைத்தால் வெண்ணெய் இளகி, பாண்டான் வாசம் திரும்ப வரும்.